மாடி ஓனரம்மா வைத்த பாக்கி

என் மனைவி மேல் வழக்குப் போடுவது என்று அன்று காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன்.

அவசரப்பட்டு என்னைத் திட்டாதீர்கள். இது குடும்ப வழக்கு இல்லை. குடும்ப விஷயத்தில் அவள் மேல் எனக்கு எந்தப் புகாரும் கிடையாது. இருந்தாலும் சொல்லும் தைரியம் கிடையாது. இது சுத்தமான தொழில் வழக்கு. நான் கட்டட காண்ட்ராக்டர். அவள் ஓனர். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டேன். காசு வரவில்லை.

காசு வராதது புதிதா என்று கேட்பீர்கள். மற்ற காண்ட்ராக்டர்களுக்குப் புதிதில்லை. அஸ்திவாரம் போடும்போது 'வாங்க தம்பி' என்கிற ஓனர், பெயிண்ட் காய்ந்ததும் 'யாருப்பா நீ?' என்பார். அப்படிப்பட்ட உலகத்தில் என் காசைச் சாப்பிட்டு ஏப்பம் விட்ட ஓனர் ஒருவர்கூடக் கிடையாது. அதனால்தான் எனக்கு 'வசூல் வேங்கை' என்று பெயர். நானாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை. கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். "ஒரு நோட்டீஸ் விட்டேன். ஒரு பார்வை பார்த்தேன். மறுநாள் வீடு தேடி வந்து கொடுத்தான்" என்று டீக்கடையில் நான் ஆரம்பித்தால் நாலு பேர் டீயை ஆறவிட்டுக் கேட்பார்கள்.

எங்கள் காண்ட்ராக்டர் சங்கத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை என் பேச்சு. தலைப்பு, 'பணம் தராத ஓனரிடம் பணம் வாங்குவது எப்படி?' பழைய தலைவர் விலகப் போகிறார். கைதட்டல் பலமாக இருந்தால் நாற்காலி எனக்குத்தான். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நேரம் பார்த்தா என் வீட்டிலேயே ஒரு பாக்கி!

விஷயம் இதுதான். கீழ் வீடு என் பெயரில் இருக்கிறது. மாடி அவள் பெயரில். மாடியை மாமனார் தன் செலவில் கட்டிக் கொடுத்தார். பத்திரத்தை என் கையில் கொடுக்காமல் மகள் கையில் கொடுத்தார். மனுஷர் விவரமானவர். அந்த மாடி பழசாகி ஒழுக ஆரம்பித்தது. சரி பண்ணி வாடகைக்கு விட வேண்டும் என்றாள். "பண்ணலாம், பண்ணலாம்" என்றேன். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஹாலில் என் போட்டி காண்ட்ராக்டர் உட்கார்ந்து மாடிக்கு ரேட் சொல்லிக்கொண்டிருக்கிறான்! என் நாற்காலியில்! என் டம்ளரில் டீ!

அவளை உள்ளே கூப்பிட்டேன்.

"என்ன இது?"

"கொட்டேஷன் வாங்கறேங்க. மூணு பேர்கிட்ட வாங்கிப் பாக்கணும்னு ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்றீங்க?"

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே!"

"அதான் பாத்தேன். குத்துக்கல் இருக்கு. கட்டறதுக்குத்தான் ஆள் இல்ல."

ரோஷம் வந்துவிட்டது. அதே இடத்தில் வேலையை நானே எடுத்தேன். "புருஷன்னு தள்ளுபடி எதிர்பாக்காதே. தொழில் வேற, குடும்பம் வேற" என்று சொல்லி, எல்லா ஓனரிடமும் வாங்குவது போல அவளிடமும் அக்ரிமெண்டில் கையெழுத்து வாங்கினேன். என் அனுபவத்தில் அந்த அக்ரிமெண்டை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட முதல் ஓனர் அவள்தான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அட்வான்ஸ் வந்தது. நடுத்தவணையும் சொன்ன தேதிக்கு வந்தது. வேலை முடிந்தது. கடைசி பில்லை நீட்டினேன். வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். அதோடு சரி.

"பணம்?"

"எந்தப் பணம்?"

"மாடி வேலைப் பணம்."

"அதுவா? ஓனர் ஊர்ல இல்லீங்களே."

"நீதானே ஓனர்!"

"ஓனரா இருக்கறப்ப ஊர்ல இல்ல. உங்க பொண்டாட்டியா இருக்கறப்ப இங்கதான் இருக்கேன். டீ வேணுமா?"

சரி, நயமாகப் போவோம் என்று மறுநாள் மாடி ஏறி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவள் ஒரு கரண்டியை எடுத்து டைல்ஸைத் தட்டிக்கொண்டே வந்தாள். "இது டொக்குன்னு சத்தம் வருதே. உள்ள சிமெண்ட் இல்லையா?" பெயர்த்துப் போட்டுக் கொடுத்தேன். "இந்தக் கதவு தரையில இழுக்குதே." இழைத்துக் கொடுத்தேன். "இந்த ஜன்னல் ஏன் கோணலா இருக்கு?" ஜன்னல் நேராகத்தான் இருந்தது; அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அதையும் கழற்றி மாட்டினேன். பணம் கேட்கப் போனவன், ஒருநாள் முழுக்கச் சும்மா கூலி வேலை பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

கீழே டைல்ஸ் கடைக்காரர் காத்திருந்தார். எங்கள் சங்கத்துப் பொருளாளரும் அவர்தான்.

"என்ன வேங்கை, மாடிக்கு எடுத்த சரக்குக்குக் காசு வரலையே?"

"ஓனரம்மா இன்னும் குடுக்கலைங்க."

"எந்த ஓனரம்மா?"

அதைச் சொல்ல முடியுமா?

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வரலன்னு வெச்சுக்கங்க, நீங்க மேடையில வசூலைப் பத்திப் பேசறப்ப நானே எழுந்து கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. மேடையில் நான், கீழே அவர், சுற்றிலும் சிரிப்பு. நாற்காலியும் போகும், வேங்கையும் போகும்.

ஆக, காலையில் பல் தேய்த்துவிட்டு நேராக வக்கீலிடம் போனேன்.

"எதிராளி யாரு?"

"மாடி ஓனர் சார்."

விலாசத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்த வக்கீல் பேனாவை நிறுத்தினார்.

"இது உங்க விலாசமாச்சே?"

"அவங்களும் அங்கதான் சார் இருக்காங்க."

"குடித்தனமா?"

"சம்சாரம்."

வக்கீல் பேனாவை மூடி, கண்ணாடியைக் கழற்றி, என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு ஃபீஸ் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பேனாவைத் திறந்தார்.

"வழி இருக்கு. நோட்டீஸ் விடலாம். கோர்ட்டுக்குப் போலாம். இல்லன்னா அந்தக் கட்டடத்து மேலயே பாத்தியம் கேக்கலாம். சில இடத்துல அதுக்குச் சட்டம் இருக்கு. உங்க காசு வர்ற வரைக்கும் ஓனர் மாடியை விக்க முடியாது, அடமானம் வைக்க முடியாது."

"ஆஹா! அதையே போடுங்க சார்!"

"போடலாம். மாடி எது மேல நிக்குது?"

"என் வீட்டு மேல."

"உங்க வீடு?"

"பேங்க்ல அடமானத்துல நிக்குது."

"தவணையெல்லாம் ஒழுங்கா கட்டறீங்களா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கட்டடத்து மேல கை வெச்சா முதல்ல பேங்க்காரன்தான் முழிச்சுக்குவான். அப்புறம் மாடி நிக்கும். நீங்கதான் கீழ இருக்க முடியாது."

பாத்தியமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், நோட்டீஸ் போதும் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நோட்டீஸ் வந்தது. தபால்காரர் வந்த நேரம் அவள் மாடியில் இருந்தாள். "வீட்ல யார் கையெழுத்துப் போட்டாலும் சரிதான் சார்" என்றார். நான் அனுப்பிய நோட்டீசை நானே கையெழுத்துப் போட்டு வாங்கி, நானே படியேறிப் போய்க் கொடுத்தேன். என் நிலைமையைப் பாருங்கள்.

அவள் நிதானமாகப் பிரித்துப் படித்தாள்.

"'மேற்படி எதிர்த்தரப்பினர், வயது ஐம்பது.' யாருக்கு ஐம்பது?"

"வக்கீல் தோராயமாப் போட்டிருப்பாரு."

"தோராயமா அவர் பொண்டாட்டிக்குப் போடட்டும். சரி, ஏழு நாளைக்குள்ள பணம் கட்டணுமா?"

"ஆமா."

"கட்டலன்னா?"

"கோர்ட்டுக்கு வரணும்."

"கோர்ட் எங்க இருக்கு?"

"அது தூரம். ரெண்டு பஸ் மாறணும்."

"யார் கூட்டிட்டுப் போவா?"

கொஞ்சம் யோசித்தேன். "நான்தான். வண்டியில."

"அப்ப சீக்கிரம் தேதி வாங்குங்க. நாம சேர்ந்து வெளிய போய் எவ்வளவு நாளாச்சு!"

ஏழு நாளாவது! ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. இனிமேல் சட்டம் உதவாது, தொழில் ரகசியம்தான் உதவும் என்று துணிந்தேன்.

அந்த ரகசியத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். பணம் வராது என்று சந்தேகம் வந்தால், என்னைப் போன்ற காண்ட்ராக்டர் தண்ணீர்க் குழாயில் யாருக்கும் தெரியாமல் ஒரு வால்வு வைத்துவிடுவான். ஓனர் முரண்டு பிடித்தால் அந்த வால்வைத் திருகிவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வான். குழாயில் தண்ணீர் வராது. ஓனர் தலைகீழாக நின்றாலும் காரணம் தெரியாது. தானாகக் கூப்பிடுவார். மாடிக்குப் போகும் குழாயிலும் அப்படி ஒன்று வைக்கும்படி பிளம்பரிடம் சொல்லியிருந்தேன். மாடிப்படிக்கு அடியில், ஒட்டாமல் சும்மா பொருத்திய ஒரு டைல்ஸுக்குப் பின்னால் இருந்தது. பொண்டாட்டி வீட்டில் ஏனப்பா என்று கேட்காதீர்கள். தொழில் வேற, குடும்பம் வேற.

சனிக்கிழமை காலை டைல்ஸை எடுத்தேன். வால்வை முழுசாகத் திருகி மூடினேன். மாடியில் அவள் யாரிடமோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரிம்மா, சிரி, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, சீட்டியடித்தபடி குளிக்கப் போனேன். தலையிலிருந்து கால் வரைக்கும் சோப்புப் போட்டேன். ஷவரைத் திறந்தேன்.

ஷவர் ஒரு பெருமூச்சு விட்டது. ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

கீழ்க் குழாயைத் திறந்தேன், காற்று வந்தது. வாஷ்பேசினைத் திறந்தேன், அதுவும் வரவில்லை. கண் எரிகிறது. கதவிடுக்கில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"இந்தா! தண்ணி வரலையே!"

மாடியிலிருந்து பதில் வந்தது. "அப்படியா? இங்க நல்லா வருதேங்க!"

துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினேன். போகிற வழியில் படிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால், வால்வு இருக்கிறது, அதைத் திருகும் கைப்பிடியைக் காணோம்! யாரோ கழற்றி எடுத்துவிட்டார்கள். பிளம்பருக்குப் போன் போட்டேன்.

"வால்வை எந்த லைன்ல வெச்சே?"

"கீழ் வீட்டு லைன்ல சார்."

"மாடி லைன்லதானே சொன்னேன்!"

"ஆமா சார். அம்மா வந்து பாத்துட்டு மாத்த சொன்னாங்க. ஓனர் சொன்னா மறுபேச்சு பேசாம செய்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க?"

போனில் நுரை வழிந்தது. மாடிப்படி ஏறினேன். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ரெண்டு சொம்பு தண்ணி ஊத்திக்கறேன். பாத்ரூமுக்கு வழி விடு."

"அது எப்படீங்க? 'வேலையாட்கள் ஓனரின் குளியலறையைப் பயன்படுத்தக் கூடாது'ன்னு அக்ரிமெண்ட்ல போட்டிருக்கே. நீங்க எழுதினதுதானே?"

நான் எழுதியதுதான். அப்போது அவள் பின்னாலிருந்து ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தாள். பல் டாக்டரின் மனைவி! மாடியை வாடகைக்கு எடுத்துக் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்தப் போகிறாளாம், இடம் பார்க்க வந்திருக்கிறாள். நானோ துண்டும் நுரையுமாக நிற்கிறேன்.

அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. ஏனென்றால் பல் டாக்டர் என் பெரிய வெற்றிகளில் ஒன்று. அவருடைய கிளினிக்கைக் கட்டியது நான்தான். ஒரு வருஷம் இழுத்தடித்தார். என் ஒரு நோட்டீசில் சுருண்டு விழுந்தார். நாளைய பேச்சில் முதல் கதையே அதுதான்.

"டாக்டர் சௌக்கியமா?" என்றேன், கண்ணை மூடிக்கொண்டே. "என் நோட்டீஸை இன்னும் ஞாபகம் வெச்சிருக்காரா?"

"அதுவா சார்? எங்க வாஷிங்மெஷின் ஆடிட்டே இருந்துச்சு. கவரோட மடிச்சு அதோட காலுக்கு அடியில வெச்சாரு. நல்ல கெட்டிக் கவர் சார், இப்ப ஆடறதே இல்ல."

"கவரோடன்னா... பிரிக்கலையா?"

"இல்லையே!"

"அப்புறம் எப்படிப் பணம் வந்துச்சு?"

அவள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி கூரையைப் பார்த்தாள்.

"அக்கா எனக்கு ஒரு போன் பண்ணினாங்க சார். அன்னிக்கு சாயங்காலமே நான் குடுக்க வெச்சுட்டேன். உங்களுக்குத் தெரியாதா?"

மூடியிருந்த கண் தானாகத் திறந்தது. சோப்பு உள்ளே போனதுகூடத் தெரியவில்லை. அந்தப் பெண்மணி "வரேன்க்கா" என்று நழுவிவிட்டாள். நான் மேல்படியிலேயே தொப்பென்று உட்கார்ந்தேன்.

என் மனைவி உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் சொம்பும் கொண்டுவந்து, என் தலையில் அவளே ஊற்றினாள்.

"கண்ணைத் தொறங்க. போயிடுச்சா?"

"அப்ப அந்தத் துணிக்கடைக்காரர் குடுத்த பாக்கி?" என்றேன்.

"அவர் வீட்டம்மாகிட்ட பேசினேன்."

"லாரி ஆபீஸ்காரர்? நான் அவர் கேட்டுல நின்னு ஒரு சத்தம் போட்டேனே!"

"அவருக்குக் காது கேக்காதுங்க. அவர் வீட்டம்மாவுக்குக் கேக்கும்."

"ரிட்டயர்ட் ஜட்ஜ்? அவருக்குத்தான் கல்யாணமே ஆகலையே!"

"அம்மா இருக்காங்கல்ல? அவங்ககிட்ட பேசினேன்."

வேங்கை என்றார்களே, அது நான் இல்லை. நான் வெறும் தோல். உள்ளே நடந்தது முழுக்க இவள்.

"எப்படி? என்னதான் பேசுவே?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்க. காசு இல்லன்னு ஓனர் சொல்லுவாரு. எங்க இருக்குன்னு அவர் வீட்டம்மாவுக்குத் தெரியும். அவ்வளவுதான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பணத்தை வாங்கிட்டு வந்து கதை சொல்லுவீங்களே, அப்ப உங்க முகம் அப்படியே மின்னும். அதைக் கெடுக்க மனசு வரல."

எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது, அவள் மேல் ஆசையாகவும் இருந்தது. தலையில் தண்ணீர் ஊற்றியதால் அழுததுகூட வெளியே தெரியவில்லை.

"அப்ப இத்தனை நாள் விட்டுட்டு இப்ப மட்டும் ஏன் இப்படிப் பண்றே?"

"மாடி ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? வெளியாள் வந்து உங்க நாற்காலியில உக்காந்தப்புறம்தான் நீங்க ஏறிப் பாத்தீங்க. அன்னிக்குத்தான் தோணிச்சு. நானும்தான் வருஷக்கணக்கா உங்களுக்கு வேலை பாத்திருக்கேன். எனக்கு யாரு கூலி குடுத்தா? கூலி வராத ஆள் என்ன பண்ணணும்? கையில சிக்கினதைப் பிடிச்சு வெச்சுக்கணும். கண்ணாடி முன்னால நீங்க பேசினதுதான்."

"டைல்ஸ் கடைக்காரர் நாளைக்கு மானத்தை வாங்கிடுவாரே!"

"அவருக்கு நேத்தே குடுத்துட்டேன். கொத்தனாருக்கும் ஆளுங்களுக்கும் குடுத்தாச்சு. பிடிச்சு வெச்சது உங்க லாபம் மட்டும்தான். என் கூலியில அதைக் கழிச்சாலும், பாக்கி நீங்கதான் எனக்குத் தரணும்."

"நானா? உனக்கா?"

"ஆமா. ரெண்டு வழி இருக்கு. நாளைக்கு மேடையில ஏறி, 'வசூல் பண்ணினது நான் இல்ல, என் சம்சாரம்'னு சொல்லிடுங்க. கணக்கு தீந்துடும். எனக்கு ஒத்தைக் காசு வேண்டாம். இல்லன்னா பாக்கியைக் குடுங்க."

தலைவர் நாற்காலி கண் முன்னால் வந்தது. டீயை ஆறவிட்டுக் கேட்கும் அந்த நாலு முகமும் வந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் எல்லாம் போய்விடும். சொல்லாவிட்டால் பணம் தர வேண்டும். நான் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தேன். பிறகு என் வாயிலிருந்து என் குரலில் இது வந்தது.

"இப்ப கையில சுத்தமா காசு இல்லம்மா. அடுத்த வாரம் பாக்கலாமே!"

சொன்ன பிறகு நானே அதிர்ந்துபோனேன். துணிக்கடைக்காரர் சொன்னது, பல் டாக்டர் சொன்னது, நான் பார்த்த அத்தனை ஓனரும் சொன்னது! இழுப்பில்கூட மாற்றமில்லை.

அவள் கோபப்படவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"சரிங்க சார். உங்க வீட்டம்மா நம்பர் குடுங்க. நான் அவங்ககிட்டயே பேசிக்கறேன்."

"விளையாடாதே."

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "ஹலோ, அம்மாங்களா? உங்க வீட்டுக்காரர் எனக்கு ஒரு பாக்கி தரணும்மா. கையில காசே இல்லைங்கறாரு... அப்படிங்களா?... எங்க?... பரண் மேலயா?... காலி பெயிண்ட் டப்பாவுலயா? மூணாவதுங்களா, நாலாவதுங்களா?... ரொம்ப நன்றிம்மா."

போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய் ஏணியைச் சாத்தினாள். அது கொஞ்சம் ஆடும் ஏணி. யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிடித்துக்கொண்டேன்.